எல்லார் பெயரும் முதலில் வந்த பத்திரிகை

பேச்சித்தாய்க்கு இதற்கு முன்னால் இரண்டு தடவை கல்யாணம் நிச்சயமாகி நின்றுபோனது. மாப்பிள்ளையால் நிற்கவில்லை, ஜாதகத்தால் நிற்கவில்லை, நகை நட்டால்கூட நிற்கவில்லை, பத்திரிகையால் நின்றது. முதல் தடவை தாய்மாமன் குத்தாலிங்கத்தின் பெயர் அத்தை வீட்டுக்காரர் பெயருக்குக் கீழே வந்துவிட்டது என்று மாமா பத்திரிகையை நாலாகக் கிழித்து, மாப்பிள்ளை வீட்டு வாசலிலேயே போட்டுவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். இரண்டாவது தடவை புத்தியாக மாமாவை மேலே ஏற்றினார்கள். அத்தை மாகாளி மூன்று நாள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் படுத்துக் கிடந்து, நாலாம் நாள் எழுந்து குளித்துத் தலை சீவி, மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டு, "எங்க பிள்ளை தங்கமான பிள்ளைதான், என்ன, கோவம் வந்தா மட்டும் கையில கெடைக்கறத எடுத்து வீசும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தை போதாதா?

இதில் வேடிக்கை என்னவென்றால், சேந்தன்குறிச்சி பஜாரில் வள்ளி ஆஃப்செட் என்ற அச்சகத்தில் ஒன்பது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஊர் உலகத்துக்கெல்லாம் கல்யாணப் பத்திரிகை செய்து கொடுக்கிறவளே இந்தப் பேச்சித்தாய்தான். எந்த வீட்டில் யார் பெயரை இடது பக்கம் போட வேண்டும், யார் பெயருக்கு முன்னால் 'உயர்திரு' விட்டுப்போனால் வெட்டுக் குத்து வரைக்கும் போகும், செத்துப்போன தாத்தாவுக்கும் உயிரோடிருக்கிற தாத்தாவுக்கும் நடுவில் எத்தனை விரற்கடை இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. ஊரிலுள்ள அத்தனை பேர் கல்யாணத்தையும் காகிதத்தில் நிறுத்திக் காட்டியவளுக்குத் தன் கல்யாணத்தைத் தரையில் நிறுத்தத் தெரியவில்லை.

அவள் அப்பா ஆண்டபெருமாள் அரிசி ஆலையில் மூட்டை எடை போடுகிறவர். பேச்சித்தாய் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து இரட்டைச் சடை பின்னிவிட்டது, சோறு கட்டிக் கொடுத்தது, கெட்ட கனவு கண்டால் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்டது எல்லாம் அந்த மனுஷன்தான். ஒரு சடை எப்போதும் ஒரு விரல் தூக்கலாகவே இருக்கும், அது வேறு விஷயம். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்த பேச்சித்தாய்க்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது: தன் கழுத்தில் தாலி ஏற வேண்டும், அதை அப்பா தன் கண்ணால் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். மண்டபம், மேளம், பந்தி, வந்தவர் போனவர் எதுவும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை.

மூன்றாவதாக வந்தவன் கோமதிநாயகம். மின்சார வாரியத்தில் வயர்மேன். பெண் பார்க்க வந்த இடத்தில் கூடத்து டியூப்லைட் விட்டுவிட்டு எரிவதைப் பார்த்ததும் பொறுக்க மாட்டாமல் நாற்காலியில் ஏறிவிட்டான். "பொண்ணு பிடிச்சிருக்கா தம்பி?" என்று கீழேயிருந்து கேட்டார்கள். "இன்னும் பாக்கலியே, லைட்டு எரியட்டும், பாத்துச் சொல்லுதேன்" என்றான். பேச்சித்தாய் அப்போதே தீர்மானித்துவிட்டாள். லைட்டு எரிந்ததும் அவனும் தீர்மானித்துவிட்டான்.

பாக்கி இருந்தது பத்திரிகை.

"அச்சடிச்சாத்தானம்மா கிழிப்பாரு? போன்ல அனுப்பிட்டா உங்க மாமா எதைக் கிழிப்பாரு?" என்றார் ஆண்டபெருமாள். வாழ்நாளில் அந்த மனுஷன் சொன்ன ஒரே தந்திரமான யோசனை அதுதான். ஆகவே வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு, ராகுகாலம் என்று தெரிந்தே, நல்ல நேரத்தில் அனுப்பிய இரண்டும் என்ன லட்சணமாயிற்று என்ற கோபத்தில், பேச்சித்தாய் இரண்டு வீட்டு உறவிலும் நாற்பத்தாறு பெயர்களை மனசுக்கு வந்த வரிசையில் தட்டிப் போட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாருக்கும் அனுப்பினாள். அனுப்பிவிட்டு, வரப்போகிற வசவுக்காகப் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பத்து நிமிஷத்தில் மாமா கூப்பிட்டார். அவள் போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்தாள்.

"ஏட்டி பேச்சி, இப்பமாவது ஒங்கப்பனுக்குப் புத்தி வந்துதே! எடுத்த எடுப்புல என் பேரு! அதுவும் எம்மாம்பெரிய எழுத்துல! 'தலைமை: தாய்மாமன் குத்தாலிங்கம்.' அடடா, படிக்கப் படிக்கக் கண்ணு கலங்குதுட்டி" என்றார்.

பேச்சித்தாய் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். மாமாவின் பெயர் முப்பத்தொன்றாவதாக, சம்பந்தி வீட்டுச் சித்தப்பாவுக்குக் கீழே கிடந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அத்தை மாகாளி அச்சகத்து வாசலுக்கே வந்துவிட்டாள். வெயிலில் வந்த முகம் அப்படி மலர்ந்திருந்தது. "எங்கண்ணன் மவளே, அத்தைய மறக்கலியே நீ! என் பேரைத் தூக்கி நெத்தியில வச்சிருக்கியே" என்று போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கடை என்றும் பாராமல் அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

அன்று சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆண்டபெருமாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆண்டபெருமாள் அடுக்களைக்குள் ஓடி ஒளிந்தார். மாமா தன் போனை அத்தையிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்க மைனி" என்றார். அத்தை வாங்கிப் பார்த்தாள். மாமாவின் கையில் இருந்தவரை மாமாவின் பெயரைக் காட்டிக்கொண்டிருந்த அந்தப் போன், அத்தையின் கைக்கு மாறியதும் அத்தையின் பெயரைக் காட்டியது.

"பாத்தேன் கொழுந்தனாரே. ஒங்க போன்லயும் என் பேருதான் மொதல்ல இருக்கு. ஒங்களுக்குப் பெரிய மனசு" என்றாள்.

மாமா தன் போனைத் திருப்பி வாங்கிப் பார்த்தார், தன் பெயர். அத்தையின் போனை வாங்கிப் பார்த்தார். அதிலும் தன் பெயர். ஐயோ பாவம், மைனிக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது போல என்று அவர் பரிதாபப்பட்டார். ஐயோ பாவம், கொழுந்தனாருக்கு எழுத்துக்கூட்டக்கூட மறந்துபோய்விட்டது போல என்று அவள் பரிதாபப்பட்டாள். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தார்கள், ஆண்டபெருமாள் சீனி போட மறந்த காபியை ஒருத்தரும் குறைசொல்லவில்லை.

ஊர் ஆச்சரியப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? சேந்தன்குறிச்சிக்காரர்கள் அப்படி அற்ப விஷயத்துக்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஆட்களா? டீக்கடையில் ஒருவர் "இப்ப வார போன் எல்லாம் அப்படித்தாம்வே" என்றார், பள்ளிக்கூடத்து வாத்தியார் "அதெல்லாம் செட்டிங்ஸ்" என்றார், விஷயம் அத்தோடு முடிந்தது. பத்திரிகை ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய், அங்கிருந்து நாலு போனுக்குப் போய், அவள் பட்டியலிலேயே இல்லாத ஆட்களுக்கும் போய்ச் சேர்ந்தது. பால்காரர் பார்த்தால் 'முன்னிலை: பால்காரர் சொரிமுத்து' என்று இருந்தது, தையல்கடை மரகதம் பார்த்தால் 'தலைமை: மரகதம்' என்று இருந்தது, கல்யாணத்துக்குச் சம்பந்தமே இல்லாமல் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்து ஆளின் போனைச் சும்மா எட்டிப் பார்த்து, அதில் தன் பெயர் தலைமையாக இருக்கக் கண்டு, அந்த இடத்திலேயே கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டார். தங்கள் பெயர் அங்கே எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்பதுதான் அவர்களுக்கு விளங்காமல் இருந்தது.

பத்திரிகையும் லேசுப்பட்டதாக இல்லை. முதல் வாரம் பெயரோடு நின்றது; இரண்டாவது வாரம் பெயருக்கு முன்னால் பட்டம் முளைத்தது, மாமாவுக்கு 'கல்வித் தந்தை' என்று வந்தது, எட்டாம் வகுப்போடு அவர் நின்றுகொண்டதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை; மூன்றாவது வாரம் கும்பிட்ட கையோடு படம் வந்தது, அதுவும் இருபது வருஷத்துக்கு முந்தைய முடியோடு வந்தது; நாலாவது வாரம் முகூர்த்த நேரமே ஆளுக்குத் தகுந்தபடி மாறி, பத்து மணிக்கு எழுந்திருக்கிற மாமாவுக்குப் பதினொன்றரை என்றும், விடியுமுன் எழுந்து வீட்டை இரண்டாக்குகிற அத்தைக்கு ஆறு மணி என்றும் காட்டியது; சீனி வியாதிக்காரர்களுக்குப் பாயசம் இல்லாத பந்தியும், இல்லாதவர்களுக்கு மூன்று பாயசமும் போட்டிருந்தது.

எல்லாம் சரி, ஆனால் அந்தத் திரை என்ன நாலு முழ வேட்டியா? உள்ளங்கை அகலம். அதில் ஒருத்தர் பெயர் பெருத்து, பட்டம் நீண்டு, படமும் வந்து உட்கார்ந்தால், மிச்சம் இருக்கிறது எங்கே போகும்? கீழேதான் போகும். பேச்சித்தாய் ஒருநாள் தையல்கடையில் ரவிக்கைக்கு அளவு கொடுத்துக்கொண்டிருக்கும்போது, சும்மா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"மரகதக்கா, பத்திரிகை பாத்தீங்களா?"

"பாக்காமயா? தெனமும் எந்திரிச்சதும் அதைத்தான் பாக்கேன்."

"கல்யாணம் யாருக்குன்னு தெரியுமா?"

மரகதம் வாயிலிருந்த குண்டூசியை எடுத்தாள். "அது தெரியலியேட்டி. ஆனா நாந்தான் தலைமை" என்றாள்.

"கீழ தள்ளிப் பாருங்கக்கா, போட்டிருக்கும்."

"கீழயா?" மரகதம் திரையைப் பார்த்தாள். பெருவிரலைக் கொண்டுபோனாள். தன் பெயருக்கு மேலேயே விரல் தயங்கி நின்றது. பிறகு, தூசி இருப்பதுபோல் தன் படத்தை மெதுவாகத் துடைத்துவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள். "அதுல என்னத்தப் பெருசா இருக்கப் போவுது, விடு. கையைத் தூக்கு, கக்கம் பிடிக்கும்" என்றாள்.

பேச்சித்தாய்க்கு அப்போதுதான் முதல் தடவையாகப் பயம் பிடித்தது.

பயந்தது வீண்போகவில்லை. பதினோரு வருஷமாக முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் நடக்காமல் கிடந்த முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை, பேச்சித்தாய் செய்த பத்திரிகை மாதிரியே ஒரு நோட்டீஸ் அனுப்பினால் நடத்திவிடலாம் என்று ஊர் கண்டுபிடித்தது, அச்சக முதலாளி கையைத் தேய்த்துக்கொண்டு சம்மதித்து, அவளையே உட்கார்ந்து செய்யச் சொன்னார். செய்தாள். ஊரிலுள்ள ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக முதல் மரியாதை கிடைத்தது. கொடையன்று எல்லாரும் தலையில் ஆளுக்கொரு பரிவட்டம் தாங்களே கட்டிக்கொண்டு சண்டையில்லாமல், சச்சரவில்லாமல், அப்படி ஒரு ஒற்றுமையோடு அம்மனுக்கு முன்னால் வந்து நின்றார்கள். சப்பரத்தைத் தூக்கத்தான் ஆள் இல்லை. தூக்குகிறவன் என்று யாருடைய போனிலும் யார் பெயரும் வரவில்லை. அம்மன் அலங்காரத்தோடு மத்தியானம்வரை கோயில் வாசலிலேயே நின்றாள், பூ வாடியதும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கொடை சிறப்பாக நடந்தது என்று ஆளுக்கொரு படம் போட்டார்கள்.

பேச்சித்தாய் வீட்டுக்கு ஓடினாள்.

"அப்பா, இந்தப் பத்திரிகை வேண்டாம்ப்பா. பழையபடி தட்டுல வெத்தலை பாக்கு எடுத்துக்கிட்டு வீடு வீடாப் போயி, எம்பொண்ணு கல்யாணம்னு ஒங்க வாயால சொல்லிட்டு வாங்க. எவரு கோவிச்சாலும் கோவிக்கட்டும்."

ஆண்டபெருமாள் ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷனின் பெயர் வாழ்நாளில் எந்தப் பத்திரிகையிலும் முதலில் வந்தது கிடையாது. தன் கல்யாணத்தில் அண்ணன்மார் பெயர்களுக்குப் பின்னால் வந்தது, மகளின் முதல் இரண்டு பத்திரிகைகளில் ஒரு மூலையில் 'இப்படிக்கு' என்பதற்குக் கீழே வந்தது, அதையும் இடம் போதவில்லை என்று சம்பந்தி வீட்டார் சுருக்கச் சொன்னபோது சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். இப்போது அவர் கையிலிருந்த போனில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவள் வாங்கிப் பார்த்தால் அவள் பெயராக மாறிவிடும். ஆனால் அவர் அதைத் துண்டால் துடைக்கிற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"இருக்கட்டும்மா" என்றார் நிமிராமல். "நல்லாத்தான இருக்கு."

அவளுக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் பாவமாகவும் இருந்தது. நேரே அடுக்களைக்குள் போய், வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினாள். அவர் அதையும் கேட்கவில்லை.

கல்யாண நாளில் மண்டபத்துக்குக் காலை ஐந்தே முக்காலிலிருந்து கூட்டம் வர ஆரம்பித்தது. அத்தை மாகாளி முதல் ஆளாக வந்து நேரே மேடையில் ஏறினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் மேடையில் ஏறினார்கள். தலைமை தாங்க வந்தவர்களும், முன்னிலை வகிக்க வந்தவர்களும், ஆசி வழங்க வந்தவர்களும், பஸ்ஸுக்கு நின்ற அந்த வெளியூர்க்காரரும் ஆளுக்கொரு நேரத்தில் வந்து, ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லி, தன் தலைமையில் நடக்கிற கல்யாணத்துக்கு வந்ததற்காக மற்றவருக்கு நன்றியும் சொல்லி, மேடையை நிறைத்தார்கள். கீழே போட்டிருந்த முந்நூறு நாற்காலியும் காற்றாடிக்குக் கீழே சும்மா கிடந்தது. நாயனக்காரர் நாயனத்தை உறைக்குள் போட்டுவிட்டுப் பொன்னாடைக்காகக் காத்திருந்தார். ஐயர் ஹோமத்தை அணையவிட்டுத் தலைமையுரைக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மணவறை அந்தக் கூட்டத்துக்குள் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

ஒன்பது முதல் பத்தரை முகூர்த்தம். ஒன்பதே காலுக்குப் பேச்சித்தாய் கூறைப்புடவையும் மாலையுமாக மேடைப் படியருகே வந்து நின்றாள். படியில் மண்டபத்துக் காவல்காரர் போனும் கையுமாக நின்று வழியை மறித்தார்.

"மேடைக்குப் பேரு உள்ளவங்கதாம்மா போவணும். அய்யாதான் விழாத் தலைவர்" என்று தன்னையே காட்டினார்.

"நாந்தாண்ணே பொண்ணு!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாவ" என்றார் அவர், ஒருத்தரும் அப்படிச் சொல்லியிருக்கவில்லை என்றாலும்.

மேடையின் ஓரத்தில் அப்பாவின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. "அப்பா!" என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை. காவல்காரரின் கையைத் தட்டிவிட்டு, இரண்டு படி ஏறி, எட்டி அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். ஆண்டபெருமாள் குனிந்தார். போன் வெளிச்சம் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அந்த முகத்தில் அவள் இதுவரை பார்த்திராத ஒரு பெருமிதம், பெரிய மனுஷத்தனம்.

"என்னம்மா? யாரு வீட்டுப் பொண்ணு நீ?" என்று அன்பாகக் கேட்டார். "மாலையெல்லாம் போட்டுக்கிட்டு வந்திருக்க. இங்கன கூட்டமா இருக்கு பாரு, போயிப் பந்தியில உக்காந்து சாப்பிடும்மா. யாரும் சாப்பிடாமப் போவக்கூடாது."

பேச்சித்தாய் அவர் வேட்டியை விட்டாள். அழுகை வந்தது, மை கரைந்துவிடும் என்றுகூட யோசிக்காமல் அழுதாள். அழுதுகொண்டே, அப்பா சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லாத பிள்ளை, பந்திக்கூடத்துக்குப் போனாள்.

அங்கே கோமதிநாயகம் மாலையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, இலைக்கு முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தான். அவனையும் படியில் விடவில்லை.

"ஒங்க போன எடுங்க" என்றாள் அவள். "யாரு பேரு மொதல்ல இருக்கு?"

அவன் எடுத்துப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன். "என் பேருதான்" என்றான். "மின்னொளிச் செம்மல்னு போட்டிருக்கு."

"அதுக்குக் கீழ?"

"கீழ பாக்கலியே."

"ஒரு மாசமாவா பாக்கல?"

"இதுவே நல்லாருந்துச்சு" என்றான் தலையைத் தொங்கப்போட்டு. "அதோட நிறுத்திட்டேன்."

அவளுக்கு வந்த கோபத்தில், அத்தை அன்றைக்குப் போனில் சொன்ன வார்த்தை பலித்திருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் சாம்பார் வாளி இருந்தது. வாளியை எடுக்கவில்லை. அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இப்பத் தள்ளுங்க" என்றாள். "என் பேரு வாற வரைக்கும் தள்ளுங்க. வராட்டி, நான் இப்படியே பஸ் ஏறி அச்சகத்துக்கு வேலைக்குப் போறேன்."

கோமதிநாயகம் பெருவிரலை வைத்தான். விரல் அசைய மறுத்தது, நாலு கம்பத்து வயரை ஒற்றைக்கு இழுக்கிறவனுக்கு நெற்றியில் வேர்த்தது. தன் பெயரைத் தள்ளினான், தன் பட்டத்தைத் தள்ளினான், தன் படத்தைத் தள்ளினான், அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் சிறிய எழுத்தில் மறுபடி தன் பெயரே வந்தது, அதையும் தள்ளினான். பிறகு மாமா வந்தார், அத்தை வந்தாள், நாற்பத்தாறு பேரும் வந்தார்கள், அவர்களுக்குப் பிறகு பால்காரரும் தையல்காரியும் வெளியூர்க்காரரும் வந்தார்கள், மொய் வேண்டாம் என்று எழுதியிருந்தது, பஸ் நம்பர் எழுதியிருந்தது, வாகனம் நிறுத்த இடமுண்டு என்று எழுதியிருந்தது. மண்டபத்துக் கடிகாரம் பத்து இருபதைத் தாண்டியது. எல்லாவற்றுக்கும் அடியில், 'வடிவமைப்பு: வள்ளி ஆஃப்செட், சேந்தன்குறிச்சி' என்பதற்கும் அடியில், எறும்பளவு எழுத்தில் ஒரு பெயர் இருந்தது.

"இருக்கு" என்றான்.

"சத்தமா வாசிங்க."

"பேச்சித்தாய்" என்று வாசித்தான். "மணமகள் பேச்சித்தாய்." பிறகு, யாரும் சொல்லாமலே, போனை இலைக்கு அடியில் கவிழ்த்து வைத்தான்.

தாலி அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. பரிமாறுகிற அம்மாக்கள் மூன்று பேர், போனைத் தொடக் கையொழியாத சென்மங்கள், சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தி தேய்த்து வைத்த எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடித்து மேளம் கொட்டினாள், இன்னொருத்தி குலவை போட்டாள், அட்சதைக்கு அரிசி தேடப்போனால் நேரம் போய்விடும் என்று மூன்றாமவள் பூந்தியை வாரி வீசினாள். பத்து இருபத்தாறுக்குப் பேச்சித்தாய் கழுத்தில் மூன்று முடிச்சும் விழுந்தது. அவள் அப்போதும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரைமணி நேரத்தில் விஷயம் மேடைக்குப் போய்விட்டது. தாய்மாமன் இல்லாமல் தாலியா என்று மாமா குதித்து வந்தார், அத்தை இல்லாமல் கல்யாணமா என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். தங்களுக்கு இப்படி ஒரு அவமானம் நடந்துவிட்டது என்ற ஒரு விஷயத்தில் வாழ்நாளில் முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. "வாங்க மைனி, இனி இந்த வாசல்ல நமக்கென்ன சோலி" என்று மாமா அத்தைக்குக் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டே போய்விட்டார். பேச்சித்தாய்க்கு அது ஒரு உறுத்தலாகக்கூட இல்லை.

கடைசியாக ஆண்டபெருமாள் வந்தார். கையில் இருந்த போன் சார்ஜ் தீர்ந்து கறுத்துக் கிடந்தது. ஏதோ தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி பந்திக்கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மஞ்சள் கயிற்றைப் பார்த்தார்.

"ஏட்டி... எப்ப?"

"இப்பதாம்ப்பா. ஒங்களத்தான் தேடுனேன்."

"நான் இங்கனதானட்டி இருந்தேன்."

"ஆமாப்பா. இருந்தீங்க."

ஆண்டபெருமாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பூந்தியை ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். "பாக்காமப் போயிட்டேனே, பாவி" என்றார். "எம்புள்ள பேரு அதுக்குள்ள எங்க இருக்குன்னுகூட நான் பாக்கலியே. கீழ இருக்காம்மா? கீழதான் இருக்கா?"

"இருக்குப்பா. ஆக அடியில."

"இப்பப் பாக்குதேன்" என்றார் ஆவேசமாக. "இப்பவே தள்ளிப் பாக்குதேன். யாராவது ஒரு சார்ஜர் குடுங்க."

கோமதிநாயகம் எழுந்துபோய் எங்கிருந்தோ வாங்கி வந்து, சுவரோரம் சொருகிக் கொடுத்தான். பாயசம் வந்தது. போன் மெல்ல உயிர்பிடித்து வெளிச்சம் போட்டது. ஆண்டபெருமாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பெருவிரலைத் திரையில் வைத்தார். பேச்சித்தாய் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாயசம் ஆறி ஏடு படிந்தது. விரல் வைத்த இடத்திலேயே இருந்தது. அழுத கண்ணின் ஈரம் காயுமுன்னே அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு மெதுவாக வந்து உட்கார்ந்தது.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்தாள். "அப்பா, நாங்க கெளம்புதோம்" என்றாள்.

ஆண்டபெருமாள் தலை நிமிர்ந்தார். எழுந்து நின்று, போனைக் கைக்குள் வைத்தபடியே இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப சந்தோசம்மா" என்றார். "அவ்வளவு தூரத்துல இருந்து எங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தீங்களே. சாப்பிட்டீங்கல்லா?"